மோந்து பார்க்கக் கூடாத பூக்கள்

கொடைக்கானலில் பூவை முகர்ந்து பார்த்ததற்காக மனிதர்களைத் திட்டிய ஒரே ஆள் ஆணி மேஜர்தான். பூவைப் பறித்தால் திட்டுகிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். அதற்கென்று பலகைகூட எழுதி வைத்திருக்கிறார்கள். ஆணி மேஜர் பறிப்பவனை ஒரு முறைப்போடு விட்டுவிடுவார். குனிந்து மூக்கை நீட்டுகிறவனைத்தான் விடமாட்டார்.

ஏரிப் பக்கமிருந்து பஜாருக்கு ஏறும் சாலையின் வளைவில் அவருடைய இரும்புக் கடை. வாசலில் காலி பெயிண்ட் டப்பாக்களில் டேலியாக்கள் நிற்கும். ஒவ்வொரு பூவும் கைக்குழந்தையின் தலை அளவு இருக்கும். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுப்பார்கள். அதுவரை மேஜர் பெருமையாக நிற்பார். யாராவது ஒருவர் குனிவார்.

“ஹலோ, ஹலோ! மூக்க எடுங்க. அது பூவு. கருவாட்டுக் கொழம்பா, மோந்து பாக்க?”

“வாசனையே இல்லையே சார்?”

“ஒங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளியவும் இப்படித்தான் மோந்து பாத்து உள்ள விடுவீங்களா?”

வந்தவர் காருக்கே திரும்பிவிடுவார்.

ராணுவம் அவரை நாயக் என்ற பதவியோடு ஓய்வு கொடுத்து அனுப்பியது. அதற்கு மேலான பதவி உயர்வுகளையெல்லாம் பஜார் கொடுத்தது. ஒரு நாளிதழின் நிருபராக நான் மலையேறிய காலத்தில் அவர் மேஜர் ஆகியிருந்தார். இது பற்றிக் கேட்டால் மறுக்கவும் மாட்டார், ஒப்புக்கொள்ளவும் மாட்டார். “மேலிடத்து முடிவு” என்பார்.

அவர் கடைக்குப் பக்கத்தில் சுவெட்டரும் தைலமும் விற்கும் ராவுத்தரின் கடை. அதன் மாடி அறையில் நான் குடியிருந்தேன். எதிர்ப்புறம் தேத்தண்ணி அக்காவின் கடை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறு பிள்ளையாகப் பெற்றோருடன் வந்தவர் அவர். ‘டீ’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எனவே ஆணி மேஜரைப் பற்றி நான் எழுதுவதில் பெரும்பகுதி நேரில் பார்த்தது. மிச்சம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது.

வியாபாரத்தில் அவருக்கு ஒரு விதி இருந்தது. எதில் அடிக்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் ஆணி தரமாட்டார். ஒருமுறை கட்சிக்காரர்கள் சிலர் வந்தார்கள்.

“எதுல அடிக்க?”

“மரத்துலங்க. பேனர் கட்டணும்.”

“மரத்துக்கு ஆணி கெடையாது.”

“அண்ணே, அந்தா டப்பா டப்பாவாக் கெடக்கே?”

“அது பலகைக்கு.”

“பலகையும் மரந்தானேண்ணே?”

“பலகை செத்த மரம். செத்தவன எத்தன அடி வேணாலும் அடி, நான் கேக்கமாட்டேன்.”

அவர்கள் யோசித்து, கயிறு வாங்கிக்கொண்டு போனார்கள். கயிறும் அவர் கடையில்தான் இருந்தது.

காலையில் கடை திறந்ததும் அணிவகுப்பு நடக்கும். டேலியா டப்பாக்களை உயரப்படி நிறுத்தி, கையில் பிவிசி குழாயோடு வரிசையின் முன்னால் நடப்பார். இலை மடங்கியிருந்தால் நிமிர்த்துவார். பூச்சி இருந்தால் அந்தச் செடிக்கு ‘மெடிக்கல் லீவு’. பூக்க மறுக்கும் செடிக்குத் தண்டனை இடமாற்றம்; கடையின் பின்புறம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார். அந்த இடத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் லடாக்.

“எல்லாரும் பூத்துட்டாங்க, நீ மட்டும் சும்மா நிக்கிற. போ. லடாக்ல கெட.”

சில வாரங்களில் அது மொட்டு விட்டு முன்வாசலுக்குத் திரும்பும். “பயந்துட்டான்” என்பார் மேஜர்.

“பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பின்னாடிதான் காலை வெயில் விழுது, மேஜரே” என்றார் ராவுத்தர் ஒருநாள்.

“ராவுத்தரே, நீங்க பட்டாளத்துல இருந்தீங்களா?”

“இல்ல.”

“அப்பச் சுவெட்டரப் பாருங்க.”

டேலியாக் கிழங்கை அவர் யாருக்கும் விற்றதில்லை, இனாமாகவும் தந்ததில்லை. ‘போஸ்டிங்’ போடுவார். கிழங்கு உங்கள் வீட்டில் வேலை பார்க்கும்; ஆனால் அது அவருடைய ஆள். எந்த நேரமும் சோதனைக்கு வருவார். தேத்தண்ணி அக்கா வீட்டுக்கு ஒரு ஊதா டேலியாவைப் போஸ்டிங் போட்டுவிட்டு, அடுத்த வாரமே வாசலில் நின்று மண்ணை விரலால் கிளறினார்.

“தண்ணி கூடிப் போச்சு. கெழங்கு அழுகிரும்.”

“எம் மகளக் கட்டிக் குடுத்த வீட்டுக்குக்கூட நான் இப்படிப் போய்ப் பாக்கலைங்க, மேஜரய்யா” என்றார் அக்கா.

“பாத்திருக்கணும்” என்றார் மேஜர்.

டேலியா, பிகோனியா, ஹைட்ரேஞ்சா எல்லாம் அவரிடம் உண்டு. ரோஜா கிடையாது. மல்லிகை, முல்லை, சம்பங்கி எதையும் கடைப் பக்கம் அண்டவிடமாட்டார். அவர் மனைவி பிலோமி அக்கா உயிரோடு இருந்தவரை ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்கு மல்லிகை வைத்துக்கொண்டு போவார். அந்தப் பூவையும் பேருந்து நிலையத்தில் அக்காவேதான் வாங்கிக்கொள்வார், மேஜர் வாங்கித் தரமாட்டார் என்று பஜார் சொன்னது. இதற்குப் பல விளக்கங்கள் உலவின. பட்டாளத்தில் ஒரு காதல் தோல்வி என்றார் ஒரு ஜீப் ஓட்டுநர். ராவுத்தரின் கட்சி வேறு: “வாசனை வேலி தாண்டிப் போகும்ல? தன்னோட சரக்கு ஒருத்தருக்கும் சும்மா போயிரக் கூடாதுன்னு நெனைக்கிற மனுசன்.”

உண்மையின் முதல் நுனி ராவுத்தர் கையிலேயே சிக்கியது. புதிதாக வந்த யூகலிப்டஸ் தைலத்தில் ஒரு குப்பியை எடுத்து மேஜரிடம் நீட்டினார்.

“மோந்து பாருங்க மேஜரே. கலப்படமே கெடையாது.”

மேஜர் குப்பியை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி இழுத்தார். “பிரமாதம்! மூளைக்கு ஏறுது” என்று தலையை உலுக்கிக்கொண்டார்.

குப்பியின் மூடியை ராவுத்தர் அதுவரை திறக்கவில்லை.

ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் ராவுத்தரைப் பார்த்தேன். மேஜர் குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்து போனார். சிரிக்கலாம் என்றுதான் ஆரம்பித்தோம். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஜூன் மாத மழைக் காலை ஒன்றில் அது வேறு விஷயமானது. ஆணியோடு கேஸ் அடுப்புப் பழுது பார்ப்பதும் மேஜரின் தொழில். வீடும் கடையின் பின்னறைதான். சாரலுக்காக ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு, பழுதுபார்க்க வந்த அடுப்பு ஒன்றின் முன்னால் உட்கார்ந்து தீக்குச்சியை உரசப் போனார். தேத்தண்ணி அக்கா வழக்கம்போல அவருக்கான தம்ளரோடு ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்தார். கையிலிருந்த தேத்தண்ணி முழுவதையும் மேஜரின் கையிலும் தீப்பெட்டியிலும் வீசினார்.

“ஏ தாயி! கிறுக்குப் புடிச்சிருச்சா?”

“வெளிய வாங்க! வெரசா வெளிய வாங்க! கடையெல்லாம் கேஸு!”

நானும் ராவுத்தரும் ஓடியபோது ஷட்டர் முழுவதும் ஏறியிருந்தது. வாசலுக்கே நாற்றம் வந்தது. அடுப்பின் ரப்பர் குழாய் கசிந்திருக்கிறது. மேஜர் மழையில் நின்றுகொண்டு சிவந்த கையை உதறினார். முகத்தில் கோபம், அதற்கு அடியில் பயம். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ஜலதோசம்” என்றார். “மூக்கடைப்பு. அதான் தெரியல.”

“எத்தன வருசத்து ஜலதோசம், மேஜரே?” என்று ராவுத்தர் மெதுவாகக் கேட்டார்.

மேஜர் சிவந்த விரலால் மூக்கைத் தொட்டுக் காட்டினார். “பனி மலைல ஒரு காய்ச்சல் வந்துச்சு. போகும்போது இதையும் கூட்டிட்டுப் போயிருச்சு. யார்ட்டயும் சொன்னதில்ல. பிலோமிகிட்டகூடச் சொல்லல.” பிறகு டேலியாக்களைக் காட்டினார். “ரோசா வளத்தா என்னத் தவிர ஊரே அனுபவிக்கும். இதுல நானும் நீங்களும் சமம். அதுலயும் ஒருத்தன் குனிஞ்சு பாத்துட்டு ‘வாசனையே இல்ல’ன்னு குத்தம் சொன்னா எனக்குக் கோவம் வராதா?”

அந்தத் தெருவில் அதற்குமுன் யாரும் அவரை இவ்வளவு நேராகப் பேசவைத்ததில்லை. பேசி முடித்ததும் உடனே மேஜர் ஆனார்.

“இது மதுரைக்குப் போகக் கூடாது. புரியுதா?”

மதுரை என்றால் மகள் ஸ்டெல்லா. அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தார். அம்மா இறந்ததிலிருந்து, தனியாக இருக்க வேண்டாம், கடையை மூடிவிட்டு வாருங்கள் என்று அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் வீட்டு மொட்டை மாடியில் மேஜருக்காக ஓர் அறை தயாராகக் காத்திருந்தது. மேஜர் ஒருமுறை சோதனைக்காக அங்கே ஒரு டேலியாவைக் கொண்டுபோனார். “ஒரே வாரத்துல வெந்த கீரையாயிருச்சு” என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். கேஸ் கசிந்த செய்தி ஸ்டெல்லா காதுக்குப் போனால் அடுத்த வண்டியில் வந்து பெட்டி கட்டிவிடுவார். மலை போகும், கடை போகும், பூவும் போகும். அது எங்கள் மூவருக்கும் சொல்லாமலே விளங்கியது.

“இவரு மூக்கு வேல செய்யல, சரி” என்றார் ராவுத்தர், மேஜர் உள்ளே போனதும். “நம்ம மூக்கு மூணும் சும்மாதானே கெடக்கு?”

அப்படித்தான் அந்த ஏற்பாடு தொடங்கியது. வெள்ளனே மேஜர் அடுப்பைத் தொடும் முன்னால் எங்களில் ஒருவர் கடைக்குள் நுழைந்து மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். சும்மா நுழைந்து மூச்சிழுத்துவிட்டுப் போனால் அவருடைய மானம் என்ன ஆவது? ஆகவே ஆணி வாங்கினோம். ராவுத்தர் வாஷரும் வாங்கினார். தேத்தண்ணி அக்கா, கூரையில் தகரம் ஆடுகிறது என்று சொல்லிச் சொல்லி, அந்தத் தகரமே தாங்காத அளவு ஆணி சேர்த்துவிட்டார். ஒருமுறை ராவுத்தருக்கு நிஜமாகவே சளி பிடித்தது. காலையில் என் கதவைத் தட்டி, “பேப்பர்காரரே, என் மூக்கு இன்னைக்கு லீவு. நீங்க போயிருங்க” என்றார்.

மேஜரோ, பஜாரில் வியாபாரம் சூடு பிடித்துவிட்டது என்று நம்பினார். ஒட்டன்சத்திரத்துக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப் போன லாரி திரும்பும்போது சாக்குச் சாக்காக ஆணி வந்து இறங்கியது.

“இவ்வளவும் எதுக்கு மேஜரே?” என்றார் ராவுத்தர் கவலையோடு.

“டிமாண்டு. காலைலயே வந்து நிக்கிறாங்கல்ல!”

இந்தப் பெருமையை அவரால் அடக்க முடியவில்லை. தொலைபேசியில் மகளிடம் சொல்லிவிட்டார்: கடை ஓஹோவென்று ஓடுகிறது, தினமும் விடிந்ததும் அதே ஆட்கள் வந்து ஆணி வாங்கிப் போகிறார்கள் என்று. எந்த மனிதன் தினமும் விடிந்ததும் ஆணி வாங்குவான்? இந்தக் கேள்வி மேஜருக்குத் தோன்றவில்லை. ஸ்டெல்லாவுக்குத் தோன்றியது. அந்த வாரமே வந்துவிட்டார்.

நான் கடைக்குள் மூச்சை இழுத்துக்கொண்டு நின்ற நேரத்தில் உள்ளே நுழைந்தார். அவர் வந்ததைப் பார்த்து ராவுத்தரும் அக்காவும் பின்னாலேயே வந்து என் பக்கத்தில் நின்றார்கள். ஸ்டெல்லா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அப்பாவின் முன்னால் நின்றார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் வாழை இலைப் பொட்டலம்.

“அப்பா, ஒங்களுக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன். பிரிக்காம என்னன்னு சொல்லுங்க பாப்போம்.”

சொல்லத் தேவையே இல்லை. மதுரை மல்லி. ஈரக் காற்றில் கடை முழுக்க அதுதான். ஆணி டப்பாவெல்லாம் மணத்தது. மேஜர் பொட்டலத்தை வாங்கி மூக்கருகே வைத்தார். கண்கள் மட்டும் மகளின் தோளுக்கு மேலாக எங்களிடம் வந்தன. லடாக்கில் நிற்கிறவனின் பார்வை அது.

ராவுத்தர் உடனே களமிறங்கினார். இரண்டு கை விரல்களையும் முறுக்கி முறுக்கிப் பூத் தொடுத்துக் காட்டினார். அக்கா தன் பின்னந்தலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். மேஜர் ராவுத்தரின் முறுக்கும் விரல்களைப் பார்த்தார். அக்காவின் பின்னந்தலையைப் பார்த்தார். ராணுவத்தில் சமிக்ஞை படித்தவர். முகம் தெளிந்தது.

“தைலம்!” என்றார். “கைவலி, தலைவலி ரெண்டுக்கும் ஆகுற தைலம்.”

ராவுத்தர் இன்னும் வேகமாக முறுக்கினார்.

ஸ்டெல்லா திரும்பாமலே பேசினார். “ராவுத்தர் மாமா, கைய எறக்குங்க. அக்கா, நீங்களுந்தான்.” அவருக்கு நேரெதிரே, விற்பனைக்கு மாட்டியிருந்த குளியலறைக் கண்ணாடி ஒவ்வொன்றிலும் ஒரு ராவுத்தர் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, சோறு தீஞ்சு போற அன்னைக்குக்கூட நீங்க ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிடுவீங்க. எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அவரா வாய் தெறந்து சொல்லட்டும், நாம கேக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லி வச்சிருந்தாங்க.”

மேஜர் கல்லாவைப் பிடித்துக்கொண்டார். “பிலோமிக்குத் தெரியுமா?”

“தெரியும்ப்பா. இப்ப எனக்குத் தெரிய வேண்டியது வேற. இங்க என்ன நடந்துச்சு?”

ராவுத்தர் ஏதோ ஒரு கதையைத் தொடங்கத் தொண்டையைச் செருமினார். அக்கா முந்திக்கொண்டார். “கேஸு கசிஞ்சுச்சு பாப்பா. குச்சிய உரசப் போனாரு. நாந்தான் தேத்தண்ணிய வீசினேன். அன்னையிலேருந்து காலைல நாங்க மாத்தி மாத்தி வந்து மோந்து பாத்துக்கிடுறோம்.”

மேஜரின் பார்வை மூலையில் கிடந்த சாக்குகளுக்குப் போனது. “அப்ப… ஆணி?”

“ஆணியும் நல்ல ஆணிதான், மேஜரே” என்றார் ராவுத்தர்.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. மருத்துவமனையில் இரவுப் பணி மாறும்போது கேட்பதுபோல ஒவ்வொருவராகக் கேட்டார். யார் எப்போது வருகிறார்கள், ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் யார் வருவார்கள் என்று விசாரித்தார். நாங்களும் ஒழுங்காகப் பதில் சொன்னோம்.

“ஞாயித்துக்கெழம யாரு?”

ஞாயிறு கடை விடுமுறை. ஆணி வாங்க வழியில்லை. ஆனால் மேஜர் பின்னறையில்தான் இருப்பார், சமைப்பார். இந்த ஓட்டை அதுவரை எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. மேஜர் தலை கவிழ்ந்து நின்றார். மொட்டை மாடி அறையின் கதவு திறக்கும் சத்தம் எனக்கே கேட்டதுபோல் இருந்தது.

“நான்” என்றார் ராவுத்தர். “இந்த வாரத்துலேருந்து நான். நமக்கு வெள்ளிக்கெழமதானே பள்ளிவாசல் சோலி. ஞாயித்துக்கெழம வெள்ளனே வந்து பின்கதவத் தட்டுறேன்.”

ஸ்டெல்லா அவரை நிதானமாகப் பார்த்தார். எங்களையும் பார்த்தார். பிறகு துணிப்பையை மடித்தார்.

“கேஸ் அடுப்பு ரிப்பேர் இன்னையோட நிறுத்தணும். வீட்டுக்குக் கரண்டு அடுப்பு. தின்னர், பெயிண்ட் எல்லாம் தனியா வெளிய வைக்கணும். நான் மாசா மாசம் வந்து பாப்பேன்.” குரல் சற்று இளகியது. “மதுரைக்கு வர வேண்டாம்ப்பா. நான் கூட்டிட்டுப் போனா இவ்வளவு பேர அங்க எங்க போய்த் தேடுறது?”

மேஜர் நிமிர்ந்து நின்றார். “சரிங்க, சிஸ்டர்” என்றார் மகளிடம்.

மதியப் பேருந்தில் ஸ்டெல்லாவை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது பொட்டலம் கல்லாவின் மேல் இருந்தது. மேஜர் இலையைப் பிரித்தார். மல்லிகைச் சரத்தை உள்ளங்கையில் ஏந்தி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“பேப்பர்காரரே, நீங்க எழுதுறவரு. இது எப்படி இருக்கும்? சொல்லுங்க.”

“இனிப்பா… கொஞ்சம் குளிர்ச்சியா…”

“இனிப்புன்னா? ஜிலேபி மாதிரியா?”

“அப்படி இல்ல.”

“பின்ன?”

தினமும் பத்தி பத்தியாக எழுதித் தள்ளிய எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. ராவுத்தர் கூரையைப் பார்த்தார். தைலம் விற்கிற அவருக்கும் வரவில்லை. காலித் தம்ளரை எடுக்க வந்த தேத்தண்ணி அக்காதான் சொன்னார்.

“ஞாயித்துக்கெழம காலைல பிலோமி அக்கா கோயிலுக்குக் கெளம்பி, வெள்ளச் சேலையில இந்தா இந்த வாசல்ல வந்து நிப்பாங்கல்ல, வரலியான்னு ஒங்களக் கூப்பிட்டுக்கிட்டு? அப்படி இருக்குங்க, மேஜரய்யா.”

மேஜர் வாசலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப நல்லாத்தான் இருக்கும்” என்றார்.

வெளியே மழை விட்டிருந்தது. ராவுத்தர் கடையில் யாரோ சுவெட்டர் கேட்டுக் கூப்பிட்டார்கள். அக்காவின் அடுப்பில் பால் பொங்கும் நேரம். எனக்கு அனுப்ப வேண்டிய செய்தி ஒன்று இருந்தது. எங்கள் மூவரில் ஒருவரும் அங்கிருந்து நகரவில்லை.